அணை நிரம்பியது என்ற செய்தியை எப்படி வாசிப்பது?

வடகிழக்குப் பருவமழை வலுத்துக் கிருஷ்ணகிரி அணை நிரம்பும் நாள்களில் எனக்கு இரண்டு வகையான தொலைபேசி அழைப்புகள் வரும். "சார், டேம் ஃபுல்லாயிடுச்சாமே, பசங்களக் கூட்டிக்கிட்டுப் போய்ப் பார்த்துட்டு வரலாமா?" என்று கேட்பவர்களே அதிகம். காவேரிப்பட்டினத்துக்குக் கீழே ஆற்றோரமாக நிலம் வைத்திருக்கும் சிலர் மட்டும், "வரத்து எவ்வளவுங்க, எவ்வளவு தொறந்து விடறாங்க?" என்று கேட்பார்கள். பாசனப் பொறியாளராகத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு, இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பவர்கள் இன்னும் பெருக வேண்டும் என்ற விருப்பம் உண்டு. அணை என்ன செய்யும், எதைச் செய்ய அதனால் முடியாது என்பது ஆற்றங்கரையில் வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பணியில் சேர்ந்த சில ஆண்டுகளில், ஓர் ஐப்பசி மாத இரவில், தென்பெண்ணைக் கரையிலுள்ள ஒரு கிராமத்துக்கு எச்சரிக்கை சொல்லச் சென்றிருந்தேன். மாலையிலேயே தண்டோரா போட்டாகிவிட்டது. ஆனால் ஆற்றுப் படுகையை ஒட்டிய பள்ளத்தில் மோட்டார் வைத்திருந்த ஒரு பெரியவர், அதைக் கழற்றாமல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கழற்றி மேலே கொண்டுவந்துவிடுங்கள் என்று நான் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது: "ஏங்க தம்பி, டேம் இருக்கறப்ப வெள்ளம் எப்பிடி வரும்? அங்கியே புடிச்சு வெச்சிக்க வேண்டியதுதானே?" அன்று எனக்கு அவசரம், இன்னும் நான்கு ஊர்களுக்குப் போக வேண்டியிருந்தது. சரியான பதில் எதுவும் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். விடியும்போது அந்த மோட்டாரும் குழாய்களும் ஆற்றோடு போயிருந்தன. அவர் என்னைக் குறை கூறவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி என்பதும், அதற்குப் பதில் சொல்லியிருந்தால் அவர் மோட்டாரைக் கழற்றியிருப்பார் என்பதும் எனக்குத்தான் உறுத்தலாக நின்றுவிட்டன. அன்று சொல்லாத பதில்தான் இந்தக் கட்டுரை.

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையைக் கடந்து, கிருஷ்ணகிரி அணைக்கு வந்து, அங்கிருந்து காவேரிப்பட்டினம் வழியாகத் தருமபுரி மாவட்டத்தைத் தொட்டுச் சாத்தனூர் அணைக்குச் சென்று, கடைசியில் கடலூர் அருகே வங்கக் கடலில் சேர்கிறது. அதனால்தான் கிருஷ்ணகிரி அணையில் உபரிநீர் திறக்கப்படும்போது கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் என ஐந்து மாவட்டங்களுக்கும் எச்சரிக்கை போகிறது. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1950-களின் இறுதியில் பயன்பாட்டுக்கு வந்த இந்த அணையின் முழு உயரம் 52 அடி. இடது, வலது கால்வாய்கள் வழியாக ஏறத்தாழ 9,000 ஏக்கர் நிலத்துக்கு நீர் கொடுப்பது அதன் முதன்மையான வேலை. அதன் கொள்ளளவோ இரண்டு டி.எம்.சி.க்கும் குறைவுதான். இந்த அளவை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் மற்றவை விளங்கும்.

கன அடி, டி.எம்.சி. என்ற இரண்டு சொற்களையும் நாம் நாள்தோறும் செய்தியில் கேட்கிறோம். ஆனால் அவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பவர்கள் குறைவு. ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். 'வினாடிக்கு 1,000 கன அடி' என்றால் ஒவ்வொரு வினாடியும் 28,000 லிட்டருக்கு மேல், அதாவது இரண்டு பெரிய தண்ணீர் லாரிகள் கொள்ளும் நீர், நம்மைக் கடந்து போகிறது என்று பொருள். டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. அணையில் ஒரு டி.எம்.சி. அளவுக்கு இடம் காலியாக இருக்கிறது, வரத்து வினாடிக்கு 20,000 கன அடி, மதகுகள் முழுவதும் மூடியிருக்கின்றன என்று வைத்துக்கொண்டால், அந்த இடம் நிரம்ப 14 மணி நேரம் ஆகும். வரத்து ஒரு லட்சம் கன அடியாக உயர்ந்தால் மூன்று மணி நேரத்துக்குள்ளேயே நிரம்பிவிடும். இடமே இல்லாமல் அணை ஏற்கெனவே நிறைந்திருந்தால், வருகிற நீரை அப்படியே கீழே அனுப்புவதைத் தவிர வேறு வழி கிடையாது; அதை மறுத்து மதகை மூடி வைத்தால் நீர் கரையின் மேலேறும், அணைக்கே ஆபத்து வரும்.

ஆக, வெள்ளத்தை அடக்கும் சக்தி அணையில் நிற்கும் நீரில் இல்லை, நீர் இல்லாத இடத்தில்தான் இருக்கிறது. பாதி காலியாக உள்ள அணை, வெள்ளத்தின் உச்சத்தைத் தன்னுள் வாங்கிக்கொண்டு, பல மணி நேரம் கழித்துச் சிறுகச் சிறுகக் கீழே விடும். கீழேயுள்ள ஊர்களுக்குக் குறைந்த வெள்ளமும் அதிக அவகாசமும் கிடைக்கும். நிரம்பிய அணை அந்த இரண்டையும் தராது. 'அணை நிரம்பியது' என்ற செய்தி கால்வாய்ப் பாசன விவசாயிக்கு மகிழ்ச்சியான செய்தி. அதே அணைக்குக் கீழே ஆற்றோரம் இருப்பவருக்கு அது, இனி எனக்குத் தடுப்பு எதுவும் இல்லை என்று அணை சொல்லும் செய்தி. இரண்டும் ஒரே நாளில், ஒரே மதகிலிருந்து வருகின்றன.

மேட்டூரோடு ஒப்பிட்டால் இந்த வேறுபாடு தெளிவாகும். 1925-இல் தொடங்கி 1934-இல் முடிக்கப்பட்ட அந்த அணையின் நீர்த்தேக்கம் 120 அடி உயரத்தில் 93.47 டி.எம்.சி. கொள்ளும், அதன் நீர்ப்பரப்பு நம் பென்னாகரம் வட்டத்தின் நாகமரை வரை விரிந்து கிடக்கிறது. அது முழுவதும் காலியாக இருந்தால் ஒரு லட்சம் கன அடி வரத்தைப் பத்து நாள்களுக்கு மேல் வாங்கிக்கொள்ள முடியும். அப்பேர்ப்பட்ட அணையும் 2024 ஜூலை 30 அன்று 120 அடியைத் தொட்ட பிறகு, வந்த நீரைக் காவிரியில் அப்படியே திறந்துவிடத்தான் வேண்டியிருந்தது. பெரிய அணைக்கும் சிறிய அணைக்கும் உள்ள வேறுபாடு அவகாசத்தின் அளவில் மட்டுமே. நிரம்பிய பின் எல்லா அணைகளும் ஒன்றே.

அப்படியானால் எப்போதும் கொஞ்சம் இடத்தைக் காலியாக வைத்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். உலகில் அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1933-இல் சட்டம் இயற்றி அமைக்கப்பட்ட டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம், ஓர் ஆற்றுப் படுகை முழுவதிலும் உள்ள அணைகளை ஒரே கையில் வைத்துக்கொண்டு வெள்ளத் தடுப்பு, படகுப் போக்குவரத்து, மின்சாரம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறது. அங்கே குளிர்கால மழை வருவதற்கு முன்பாகவே, இலையுதிர் காலத்தில் நீர்த்தேக்கங்களின் மட்டத்தைத் திட்டமிட்டுக் குறைத்து, வெள்ளத்துக்கு இடம் ஒதுக்குகிறார்கள். அந்த ஆணையத்தை முன்மாதிரியாகக் கொண்டுதான் நம் நாட்டில் 1948-இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் தொடங்கப்பட்டது. நம் மாவட்டங்களின் நிலைமை வேறு. இங்கே மழை தவறுவதே வழக்கம். வாணியாறு, தொப்பையாறு, நாகாவதி, பஞ்சப்பள்ளி சின்னாறு போன்ற அணைகள் ஆண்டுக்கணக்கில் நிரம்பாமல் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். வறண்ட ஊரில், வந்த நீரை முன்கூட்டியே கடலுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த மழை வராமல் போனால், கால்வாயின் கடைமடையில் நிற்கும் நெல்லுக்கு யார் பதில் சொல்வது? இடம் ஒதுக்குவதில் நாம் இன்னும் துணிவாக இருக்கலாம், அதற்கேற்ற மழைக் கணிப்பு இன்று இருக்கிறது என்பது என் கருத்து. ஆனால் அந்த முடிவை எடுக்கும் பொறியாளரின் நெஞ்சில் இருக்கும் பாரத்தையும் நான் அறிவேன்.

மின்சாரத்தின் கணக்கு இந்த இழுபறியை இன்னும் கூட்டுகிறது. நீரின் அளவு, அது விழும் உயரம் ஆகிய இரண்டையும் பெருக்கினால் வருவதே மின் ஆற்றல். வினாடிக்கு 1,000 கன அடி நீர் நூறு அடி உயரத்திலிருந்து விசைச்சக்கரத்தில் இறங்கினால், தேய்மானம் போக ஏறத்தாழ ஏழு மெகாவாட் கிடைக்கும். மட்டம் ஐம்பது அடிக்குத் தாழ்ந்தால் அதே நீருக்குப் பாதிதான். ஆகவே மின் நிலையம் அணை நிறைந்திருப்பதையே விரும்பும். சேமித்து வைத்த நீரின் அருமையைக் காவிரியே முதலில் கற்பித்தது. 1902-இல் சிவசமுத்திரத்தில் தொடங்கிய நீர்மின் நிலையம் கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் அனுப்பியது. ஆனால் கோடையில் ஆறு மெலியும்போது உற்பத்தியும் மெலிந்தது. கண்ணம்பாடியில் கிருஷ்ணராஜ சாகர் அணை கட்டப்பட்டதற்கான காரணங்களுள், பாசனத்தோடு, அந்த மின் நிலையத்துக்கு ஆண்டு முழுவதும் சீரான நீர் வேண்டும் என்பதும் ஒன்று.

மேட்டூரில் அணையடி மின் நிலையம் 50 மெகாவாட்டும், சுரங்க மின் நிலையம் 200 மெகாவாட்டும் திறன் கொண்டவை. பாசனத்துக்காகத் திறக்கும் நீரே இவற்றின் வழியாகச் சென்று மின்சாரத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை ஆகிய கதவணைகளில் ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட் திறனுள்ள இயந்திரங்களைச் சுழற்றிவிட்டுத்தான் டெல்டாவுக்குப் போகிறது. ஒரே நீர் இத்தனை முறை வேலை செய்வதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை. ஆனால் வெள்ள நாளில் மேட்டூரின் மின் நிலையங்கள் வழியாகச் செல்லக்கூடியது வினாடிக்கு ஏறத்தாழ இருபதாயிரம் கன அடியே. எஞ்சிய பெருவெள்ளம் உபரிநீர் மதகுகள் வழியாக வெறுமனே கடந்து போகும். "மின்சாரம் எடுக்கத்தான் இத்தனை தண்ணீர் விடுகிறார்கள்" என்று ஆற்றங்கரையில் கிளம்பும் பேச்சில் உண்மை இல்லை.

படகுப் போக்குவரத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். நம் ஆறுகளில் சரக்குப் படகுகள் ஓடவில்லை. டென்னசி ஆற்றில் அணைகள் வரிசையாக நீரைத் தேக்கி, ஏறத்தாழ 650 மைல் தொலைவுக்குச் சரக்குப் படகுகள் செல்லப் போதுமான ஆழத்தைத் தருகின்றன. அணையைக் கடக்கும் இடத்தில் படகை ஒரு தொட்டிக்குள் நிறுத்தி, கதவுகளை அடைத்து, நீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்குக் கொண்டுசெல்கிறார்கள். நமக்கு இருப்பது பரிசலும் விசைப்படகும்தான். ஆனால் நாகமரையிலிருந்து மேட்டூர் நீர்த்தேக்கத்தைக் கடந்து சேலம் மாவட்டத்துப் பண்ணவாடிக்குப் படகில் போய்வருபவர்களுக்கு, அணையின் மட்டம் அன்றாட வாழ்க்கை. மட்டம் ஏறினால் துறை கரையோரமாக வரும். இறங்கினால் சேற்றில் நெடுந்தொலைவு நடக்க வேண்டும். மிகவும் இறங்கினால் மூழ்கிக் கிடக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் தலைகாட்டும்.

ஒகேனக்கலில் நிலைமை நேர்மாறானது. அங்கே அணை கிடையாது, மேலே கர்நாடகத்தில் உள்ள அணைகளின் முடிவுகள் மட்டுமே வந்து சேரும். குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்டும்போது கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பி, அங்கே திறந்த நீர் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையத்தின் அளவீட்டைக் கடந்து ஒகேனக்கலுக்கு வரும்போது, தருமபுரியில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். வானம் தெளிவாக இருக்கிறதே, குளித்தால் என்ன என்று நினைப்பவர்களின் தவறு இதில்தான் தொடங்குகிறது. மாவட்ட நிர்வாகம் பரிசல் இயக்கவும் அருவியில் குளிக்கவும் தடை விதிப்பது ஆற்றின் இன்றைய தோற்றத்தைப் பார்த்து மட்டுமல்ல, வழியில் வந்துகொண்டிருக்கும் நீரைக் கணக்கிட்டுத்தான். வெளியூரிலிருந்து வந்துவிட்டோம், ஒரே ஒரு சுற்று என்று பரிசல் ஓட்டுபவரை வற்புறுத்தாதீர்கள். அவருக்குப் பாறைகள் தெரியும், ஆனால் வரும் நீர் அவர் கையில் இல்லை.

அணையின் எல்லையைப் புரிந்துகொள்ள 2024 டிசம்பரை விடக் கடுமையான பாடம் நம் தலைமுறைக்கு வாய்க்கவில்லை. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபின், டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 503 மில்லிமீட்டர் மழை பதிவானது. அரை மீட்டர் உயரத்துக்கு வானமே இறங்கியது போல. அப்படிப்பட்ட மழை வெறும் 56 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்து, மண்ணில் இறங்காமல் ஓடினால், அதுவே ஒரு டி.எம்.சி. அந்த நீர் கிருஷ்ணகிரி அணைக்கு வரவே இல்லை. அணைக்குக் கீழே பாம்பாற்றிலும் ஏரிகளிலும் ஓடைகளிலும் திரண்டு நேராகத் தென்பெண்ணைக்குப் போனது. மேலே உள்ள அணையின் மதகுகளை எப்படி இயக்கியிருந்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது. 7.3 டி.எம்.சி. கொள்ளளவுள்ள சாத்தனூரில் டிசம்பர் 2 அதிகாலையில் வெளியேற்றம் வினாடிக்கு 1.68 லட்சம் கன அடியை எட்டியது. அந்த வேகத்தில் நீர் வரும்போது ஒரு டி.எம்.சி. காலியிடம் ஒன்றே முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது. முன்கூட்டியே எவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கலாம், எச்சரிக்கை எவ்வளவு சீக்கிரம் ஊர்களைச் சேர்ந்திருக்கலாம் என்பவை கேட்கப்பட வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் நள்ளிரவில் உறக்கத்தில் இருப்பவருக்கு, மாலையிலேயே மேட்டுக்குப் போயிருப்பதைத் தவிர வேறு உறுதியான பாதுகாப்பு இருந்திருக்காது.

அணை கட்டுமானமும் மூப்படையும் என்பதையும் மறக்கக் கூடாது. 2017 நவம்பர் 29 அன்று கிருஷ்ணகிரி அணை நீர் நிறைந்திருந்த நிலையில், முதல் மதகின் ஷட்டர் உடைந்து நீர் பீறிட்டது. பின்னர் ஷட்டர்கள் மாற்றப்பட்டன. அறுபது ஆண்டுகள் நீரிலும் வெயிலிலும் நின்ற இரும்பு அது. படிந்துகொண்டே வரும் வண்டலோ இன்னும் அமைதியான எதிரி: ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக அணையின் காலியிடத்தை எடுத்துக்கொள்கிறது. 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம், பெரிய அணைகளுக்கு முறையான ஆய்வையும் அவசரகாலச் செயல்திட்டத்தையும் கட்டாயமாக்கியிருக்கிறது. உங்கள் ஊர் ஆற்றங்கரையில் இருந்தால், கிராம சபையில் எழுந்து, அணையிலிருந்து நீர் திறந்தால் எங்கள் ஊருக்கு எத்தனை மணி நேரத்தில் வரும், எந்த மட்டம் வரை ஏறும், நாங்கள் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் பெற உங்களுக்கு உரிமை உண்டு.

மழைக்காலத்தில் செய்தியைக் கேட்கும்போது நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மட்டம் முழு உயரத்துக்குச் சில அடி குறைவாகவும், வெளியேற்றம் வரத்தைவிடக் குறைவாகவும் இருந்தால், அணை இன்னும் உங்களுக்காக நீரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மட்டம் முழு உயரத்தை நெருங்கி, வரத்தும் வெளியேற்றமும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால், அணை இருப்பதும் இல்லாததும் உங்களுக்கு ஒன்றே. இனி மேலே பெய்யும் ஒவ்வொரு மழையும் உங்கள் கரைக்கு வரும். தென்பெண்ணைக் கரைக்காரர்கள் கெலவரப்பள்ளி வெளியேற்றத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், கிருஷ்ணகிரி அணைக்கு அடுத்து வரப்போவது அதுதான். மோட்டாரை முதல் எச்சரிக்கையிலேயே கழற்றிவிடுங்கள்; மாடுகளை ஆற்றுத் திட்டில் கட்டாதீர்கள்; ஆட்டுப் பட்டி போட்டிருப்பவர்கள் படுகையில் இரவு தங்க வேண்டாம், ஒலிபெருக்கி அவர்கள் இருக்கும் இடத்துக்குக் கேட்பதில்லை. கெலவரப்பள்ளிப் பக்கம் நீரோடு நுரை பொங்கி வரும் நாள்களில் அதன் அருகே குழந்தைகளை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள், நுரைக்குக் கீழே கரை எங்கே முடிகிறது என்பது தெரியாது.

தரைப்பாலத்தின் மேல் நீர் ஓடினால், அது கணுக்கால் அளவே தெரிந்தாலும் கடக்க வேண்டாம். ஒரு அடி உயரத்துக்கு வேகமாக ஓடும் நீர் சிறிய காரைத் தூக்கிவிடும். இரண்டு அடி நீர் பெரும்பாலான வண்டிகளை இழுத்துச் செல்லும். ஊத்தங்கரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் ஏரி வெள்ளத்தில் பொம்மைகளைப் போலச் சரிந்து சென்றதை நாம் எல்லோரும் பார்த்தோம். பாலத்தின் கல் பெயர்ந்திருக்கிறதா என்பதும் கலங்கிய நீருக்குள் தெரியாது. அக்கரையில் வேலை இருந்தால், சுற்றுவழி இருபது கிலோமீட்டரானாலும் சுற்றிப் போங்கள், அல்லது நீர் வடியும் வரை இக்கரையிலேயே உறவினர் வீட்டில் தங்கிவிடுங்கள்.

அந்தப் பெரியவர் மறு ஆண்டு புதிய மோட்டார் வாங்கி, அதைப் பள்ளத்தில் இறக்காமல் கரையின் மேல் சிமெண்ட் மேடை கட்டி வைத்தார். ஐப்பசி பிறந்ததும் அணையில் மதகுகளைக் கவனிக்கும் பணியாளரான லஸ்கரிடம் மாலைதோறும் ஆள் அனுப்பி, மட்டம் எத்தனை அடி, எத்தனை ஷட்டர் திறந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டு வரச் சொல்வார். கேட்டதைத் தன் தெருவில் பத்து வீட்டுக்குச் சொல்லிவிட்டுத்தான் படுக்கப் போவார்.